ஐந்நூறாவது மாடியில் ஒரு வகுப்பறை

மே மாதம் பிறந்துவிட்டால் சிம்லாவின் அப்சர்வேட்டரி குன்றில் காலையிலேயே டிக்கெட் வரிசை நீளத் தொடங்கிவிடும். அகமதாபாத்திலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் வந்தவர்கள், தேனிலவுக்கு வந்த பஞ்சாபி தம்பதிகள், எல்.டி.சி.யில் குடும்பத்தோடு புறப்பட்டு டெல்லி, ஆக்ரா முடித்து மலையேறிவிட்ட தமிழர்கள். ஸ்வெட்டர் எடுத்து வரச் சொன்னது யார், வேண்டாம் என்றது யார் என்று வரிசையிலேயே ஒரு சிறு விசாரணை நடக்கும். முறை வந்ததும் வழிகாட்டி ஒரு கூட்டத்தை உள்ளே அழைத்துப்போகிறார். கேமராவை உள்ளே பையிலிருந்து எடுக்கக் கூடாது. பிறகு சுமார் அரை மணி நேரத்துக்கு இந்திய சரித்திரம். இந்தியில் பாதி, ஆங்கிலத்தில் பாதி.

இதற்கு யாரும் சொற்பொழிவுத் தொடர் என்று பெயர் வைக்கவில்லை. ஆனால் கோடை முழுவதும், ஒரு சரித்திர மாளிகைக்குள், ஒரு நாளில் பல முறை, சரித்திரம் படிக்க வந்ததாக நினைக்கவே நினைக்காத மக்களுக்கு இப்படி ஒரு சரித்திரப் பேச்சு நடக்கும் இடங்கள் நாட்டில் அதிகம் இல்லை. அதே கட்டடத்தில், சில சுவர்கள் தள்ளி, இன்னொரு பேச்சும் நடக்கிறது. இந்திய உயர் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளைப் படித்துவிட்டு ஒருவரோடு ஒருவர் வாதாடும் கருத்தரங்கு. முதல் பேச்சுக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம். இரண்டாவதற்குச் சில டஜன் நாற்காலிகள் நிரம்பினால் நல்ல கூட்டம். இந்த இரண்டு பேச்சும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை என்பதுதான் வேடிக்கை.

கட்டடத்தின் கதை டஃபரின் பிரபுவிடம் தொடங்குகிறது. 1864-லிருந்து சிம்லாதான் பிரிட்டிஷ் இந்தியாவின் அதிகாரபூர்வமான கோடைத் தலைநகரம். ஆனால் வைஸ்ராய்க்குச் சொந்த மாளிகை கிடையாது. வாடகைக்கு எடுத்த பீட்டர்ஹாஃப் என்ற வீட்டில் இடம் போதாமல் காலம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். டஃபரின் வந்த பிறகுதான் குன்றின் உச்சியைச் சமன் செய்து வேலை ஆரம்பமாயிற்று. 1888 ஜூலையில் அவர் குடிபுகுந்தார். செலவு சுமார் 38 லட்சம் ரூபாய். ரூபாய்க்கு மதிப்பிருந்த காலத்து 38 லட்சம். சாம்பல் நிறக் கல்லில், கோபுரமும் சரிவான கூரையுமாக, ஸ்காட்லாந்துப் பிரபு ஒருவரின் கோட்டையைத் தூக்கிவந்து தேவதாரு மரங்களுக்கு நடுவே வைத்ததுபோல் இருக்கும். உள்ளே பர்மா தேக்கு, லண்டன் கம்பெனி ஒன்றின் உள் அலங்காரம், மின்விளக்குகள். சிம்லா ஊர் எண்ணெய் விளக்கில் இருந்த காலத்தில் டஃபரின் சீமாட்டி ஒரு பொத்தானைத் தொட்டு விளக்கேற்றுவதில் இருக்கும் மகிழ்ச்சியை நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

வழிகாட்டி இந்த இடத்தில் கட்டடக் கலைஞரின் பெயரைச் சொல்வார்: ஹென்றி இர்வின். வைஸ்ராய் இர்வின் வேறு, இவர் வேறு. கூட்டத்தில் உள்ள தமிழர்கள் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஒரு நிமிடம் நிற்கலாம். சிம்லா வேலையை முடித்த இர்வின் அடுத்து வந்தது சென்னைக்கு. 1892-ல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றம், 1896-ல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம், பிறகு மைசூர் அரண்மனை எல்லாம் அவர் கைவண்ணம். சென்னையில் கும்மட்டமும் வளைவுமாக இந்தியாவை வாரி இறைத்த அதே மனிதர், வைஸ்ராய் வீட்டில் இந்தியச் சாயலே தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். சென்னையில் கட்டியது இந்தியர்கள் வழக்காடவும் படிக்கவும் வரும் கட்டடங்கள். சிம்லாவில் கட்டியது இந்தியாவை மறந்திருக்க ஒரு வீடு. கர்சனுக்கு மட்டும் இந்த மாளிகை பிடிக்கவே இல்லை. முடிந்தபோதெல்லாம் நால்டேராவில் கூடாரம் போட்டுத் தங்கினார். அந்த இடத்தின் மீதிருந்த மோகத்தில் கடைசி மகளுக்கு நால்டேரா என்றே ஒரு பெயரைச் சேர்த்து வைத்தார்.

தேக்குக்கு ஒரு பின்கதை உண்டு. அரை மணி நேரத்தில் அதற்கு இடமில்லை. மேல் பர்மாவை 1886 ஜனவரி முதல் தேதி பிரிட்டிஷ் ஆட்சியோடு சேர்த்துக்கொண்டவர் இதே டஃபரின்தான். அதற்குப் பரிசாக அவர் பட்டத்தில் ஆவா என்ற பழைய பர்மியத் தலைநகரின் பெயர் ஒட்டிக்கொண்டது. நூறு வருடம் கழித்து, 1987-ல், இந்த மாளிகையில் ஆய்வாளராக வந்து தங்கியவர் ஆங் சான் சூ சீ. அவர் எடுத்துக்கொண்ட ஆய்வு, காலனி ஆட்சியில் பர்மாவிலும் இந்தியாவிலும் அறிவுலகம் எப்படி வளர்ந்தது என்பது. பிடுங்கிய நாட்டின் மரம் இழைத்த வீட்டில் உட்கார்ந்து, பிடுங்கப்பட்ட நாட்டைப் பற்றிய படிப்பு. அந்தக் கட்டுரையை நிறுவனமே 1990-ல் நூலாக வெளியிட்டது. அதற்குள் அவர் ரங்கூனில் வீட்டுக் காவலில் இருந்தார்.

வழிகாட்டியின் பேச்சில் எல்லோரும் காத்திருக்கும் கட்டம் ஒரு மேஜை. கூட்டம் அதைச் சுற்றி நெருக்கியடித்து நிற்கும். நாட்டைப் பிரித்தது இந்த மேஜையில்தான் என்று சொல்லப்படும். எங்கோ ஒரு மூலையில் ஒரு கிழவர் பெருமூச்சு விடுவார். லாகூரையோ ராவல்பிண்டியையோ விட்டு வந்த குடும்பமாக இருக்கக்கூடும். மேஜைக்கு உள்ள சக்தி அது. ஆனால் சரித்திரம் அவ்வளவு எளிதாக ஒரு மேஜையில் ஏறி உட்காருவதில்லை.

நடந்தது மூன்று தனித்தனிக் கோடைகளில். முதலாவது 1945. ஜூன் 25-ம் தேதி வைஸ்ராய் வேவல் இங்கே மாநாட்டைக் கூட்டினார். தன் நிர்வாக சபையில் தன்னையும் தளபதியையும் தவிர மற்ற எல்லோரும் இந்தியர்களாக இருக்கலாம் என்பது திட்டம். காங்கிரஸ் தலைவர் மௌலானா ஆசாத், முஸ்லிம் லீகின் ஜின்னா, சீக்கியர்களுக்கு மாஸ்டர் தாரா சிங். சென்னை மாகாணத்தின் முன்னாள் பிரதமர் என்ற முறையில் ராஜாஜியும் வந்திருந்தார். (அப்போது மாகாண முதல்வருக்குப் பிரதமர் என்றுதான் பெயர்.) தாழ்த்தப்பட்டோர் சார்பில் அழைக்கப்பட்டவர் சென்னையின் என். சிவராஜ். சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தியவர்; பின்னாளில் இந்தியக் குடியரசுக் கட்சியின் முதல் தலைவர். அவர் பெயர் சிம்லா பேச்சில் வருவதில்லை. தமிழ்நாட்டுப் பாடப் புத்தகங்களும் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை. காந்தி மாநாட்டில் உட்காரவில்லை. ராஜகுமாரி அம்ரித் கௌரின் வீட்டில் தங்கி, கேட்டவர்களுக்கு ஆலோசனை சொன்னார். முஸ்லிம் உறுப்பினர்கள் அனைவரையும் லீகே நியமிக்க வேண்டும் என்றார் ஜின்னா. காங்கிரஸின் தலைவரே ஒரு முஸ்லிமாக எதிரே உட்கார்ந்திருக்கும்போது அக்கட்சி இதை எப்படி ஏற்கும்? ஜூலை 14-ம் தேதி வேவல் தோல்வியை அறிவித்தார். பழியைத் தானே ஏற்றுக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

இரண்டாவது 1946 மே. பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக் குழு காங்கிரஸிலிருந்து நால்வரையும் லீகிலிருந்து நால்வரையும் உட்கார வைத்துப் பார்த்தது. ஆசாத், நேரு, படேல், எல்லை காந்தி ஒரு பக்கம். ஜின்னா, லியாகத் அலி கான், நவாப் இஸ்மாயில் கான், நிஷ்தார் மறு பக்கம். ஒரு வாரம் பேசினார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

மூன்றாவதுதான் மேஜைக் கதைக்கு மிக நெருங்கி வருவது. அதில் மாநாடு இல்லை, கூட்டம் இல்லை, மேஜைகூட முக்கியமில்லை. 1947 மே மாதம் மவுண்ட்பேட்டன் இங்கே ஓய்வெடுக்க வந்தார். நேருவும் கிருஷ்ண மேனனும் விருந்தினர்கள். மாகாணங்கள் ஒவ்வொன்றுக்கும் அதிகாரத்தை விட்டுக்கொடுத்து, பிறகு அவை விரும்பியபடி சேர்ந்துகொள்ளலாம் என்ற போக்கில் ஒரு திட்டம் லண்டன் போய்த் திருத்தத்தோடு திரும்பியிருந்தது. வேறு யாருக்கும் காட்டாத அதை மவுண்ட்பேட்டன் மே 10-ம் தேதி இரவு நேருவிடம் மட்டும் கொடுத்தார். நேரு படித்துவிட்டுக் கொதித்துப் போனார். இந்தியா துண்டு துண்டாகச் சிதறும், காங்கிரஸ் ஒருபோதும் ஒப்பாது என்று மறுநாள் காலை கடிதம் வந்தது. வைஸ்ராயின் ஆட்டம் அத்தோடு முடிந்திருக்க வேண்டியது.

காப்பாற்றியவர் வி.பி. மேனன். அன்றைய சென்னை மாகாணத்து மலபாரில் ஒற்றப்பாலம் பக்கத்துக்காரர். கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்; கல்லூரிப் பட்டமில்லை; 1914-ல் அரசாங்கத்தில் சாதாரண குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். ஐ.சி.எஸ். அதிகாரிகள் மட்டுமே நெருங்கக்கூடிய இடத்துக்குப் படிப்படியாக ஏறி அரசியல் சீர்திருத்த ஆணையராகியிருந்தார். இரண்டு டொமினியன்கள், உடனடி அதிகார மாற்றம் என்ற யோசனை அவருடையது. முன்பே படேலிடம் பேசி வைத்திருந்தார். மே 11 பிற்பகலில் அதை முழுத் திட்டமாக எழுதித் தரும்படி அவரைக் கேட்டார்கள். அன்று மாலை நேரு புறப்படுவதற்குள் அவர் பார்த்தாக வேண்டும். நாற்பது கோடி மக்களின் எதிர்காலத்துக்குச் சுமார் நான்கு மணி நேரம். எழுதி முடித்தார். நேரு பார்த்தார், ஆட்சேபணை இல்லை என்றார். ஜூன் 3-ம் தேதி உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது அடிப்படையில் அந்தத் திட்டம்தான். தலைவர்கள் சேர்ந்து உட்கார்ந்து அதை ஏற்றுக்கொண்டது டெல்லியில்.

அதாவது, சிம்லாவில் நடந்தது ஒரு மேஜையைச் சுற்றி எடுத்த முடிவல்ல. ஒரு முன்னாள் குமாஸ்தா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எழுதியது. மேஜையைவிட இது எவ்வளவோ நல்ல கதை. சுற்றுலாப் பயணிக்கு இது புரியாது என்று நினைப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. இன்னொரு குழப்பமும் அடிக்கடி நேர்கிறது. 1972-ல் இந்திரா காந்தியும் புட்டோவும் சிம்லா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும் இங்கேதான் என்று பலர் நினைத்துக்கொண்டு போகிறார்கள். அது பார்ன்ஸ் கோர்ட்டில், பின்னால் ராஜ்பவன் ஆன வேறொரு மாளிகையில்.

சொல்லப்படும் சரித்திரத்தில் உள்ள பிழைகளைவிட, சொல்லப்படாமல் விடப்படுவது பெரிது. இந்த மாளிகைக்குக் கல்லும் மரமும் பியானோவும் மேலே வந்தது எப்படி? கல்காவிலிருந்து ரயில் வந்தது 1903-ல்தான். அதற்கு முன், ஒவ்வொரு வசந்தத்திலும் ஒரு சாம்ராஜ்யத்தின் கோப்புகளும் குடும்பங்களும் மலை ஏறின. ஒவ்வொரு குளிர்காலத் தொடக்கத்திலும் இறங்கின. சுமந்தவை மாடுகளும் கோவேறு கழுதைகளும், அவற்றோடு மனிதர்களும். ரயில் வந்த பிறகும் உள் மலைகளில் அதிகாரி ஒருவர் புறப்பட்டால் வழியிலுள்ள கிராமங்கள் ஆள் தர வேண்டும். பேகார் என்று அதற்குப் பெயர். கூலியில்லாமல், அல்லது பேருக்கு ஏதோ கொடுத்து, கட்டாயமாகச் சுமை தூக்க வைப்பது. அறுவடை நேரமா, வீட்டில் சாவா என்பதெல்லாம் கேட்கப்படாது. கோட்கட்டில் குடியேறிய அமெரிக்கர் சாமுவேல் ஸ்டோக்ஸ் 1921-ல் கிராமத்து மக்களைத் திரட்டி இதை எதிர்த்து நின்றார். அரசாங்கம் இறங்கி வர வேண்டியதாயிற்று. ஸ்டோக்ஸ் என்றால் இமாசலத்தில் இன்று ஆப்பிள் ஞாபகம்தான் வரும். சிவப்பு டெலிஷியஸ் ரகத்தை மலைக்குக் கொண்டுவந்தவர் அவர். அந்த ஆண்டு டிசம்பரில் அவர் சிறைக்குப் போனது ஆப்பிள் பெட்டியில் அச்சிடப்படுவதில்லை.

அதே 1921 மே மாதம் காந்தி முதல் முறையாக சிம்லாவுக்கு வந்தார். மாளவியா ஏற்பாடு செய்திருந்தபடி வைஸ்ராய் ரீடிங்கை இந்த மாளிகையில் பல முறை சந்தித்துப் பேசினார். திரும்பிப் போய் எழுதிய கட்டுரையில் அவர் சிம்லாவை ஐந்நூறாவது மாடிக்கு ஒப்பிட்டார். அடித்தளத்தில் கடை வைத்திருப்பவனிடம் சாமான் வாங்க ஐந்நூறு மாடி ஏறச் சொன்னால் யார் வருவார்கள், அந்த உயரத்திலிருந்து ஆளுகிறவருக்குக் கீழே இருப்பவனின் குரல் எப்படிக் கேட்கும் என்பது அவர் கேள்வி. அவரே அதன் பிறகும் ஏறி வர வேண்டியிருந்தது. 1931 ஆகஸ்டில் வில்லிங்டனோடு பேசி முடித்துவிட்டு, லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்கான கப்பலைப் பிடிக்க இங்கிருந்து அவசர அவசரமாக இறங்கினார்.

சுதந்திரத்துக்குப் பிறகு மாளிகை ராஷ்டிரபதி நிவாஸ் ஆயிற்று. ஆண்டுக்குச் சில நாள் ஜனாதிபதி வருவார். மற்ற நாளெல்லாம் பூட்டு. தத்துவப் பேராசிரியராக இருந்து ஜனாதிபதியான டாக்டர் ராதாகிருஷ்ணனுக்கு இது வீண் என்று தோன்றியது. அறிஞர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்றார். 1964 அக்டோபரில் நிறுவனம் பதிவானது. 1965 அக்டோபர் 20-ம் தேதி அவரே திறந்து வைத்தார். முதல் இயக்குநர் வங்காள சரித்திர அறிஞர் நிஹார் ரஞ்சன் ராய். வைஸ்ராய்கள் நடனமாடிய கூடத்தில் புத்தக அலமாரிகள் வந்து நின்றன. பதவியிலிருப்பவர் தன் வீட்டைப் படிக்கிறவனுக்கு விட்டுக்கொடுத்தது இந்தியாவில் அடிக்கடி நடக்கும் காரியமல்ல. எதிர்த் திசையில் இழுத்தவர்களும் இருந்தார்கள். 1990-களில் மாளிகையை நட்சத்திர ஹோட்டலாக்கும் யோசனை கிளம்பி, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. தேசியச் சின்னமாகப் பாதுகாக்க வேண்டும் என்று 1997-ல் தீர்ப்பு வந்தது. ஹோட்டல் ஆகியிருந்தால் மேஜையைச் சுற்றி இன்று காபி குடிக்கலாம்.

ஆக, மாளிகை தப்பித்தது. ராதாகிருஷ்ணனின் எண்ணம் முழுதாக நிறைவேறியதா என்பது வேறு கேள்வி. நாடு முழுவதிலுமிருந்து ஆய்வாளர்கள் வருகிறார்கள். கல்லூரி ஆசிரியர்கள் ஒரு மாதம் வந்து தங்கிப் படிக்கும் திட்டமும் உண்டு. சரித்திரம், தத்துவம், இலக்கியம், மலைவாழ் மக்களின் வாழ்க்கை என்று எல்லாவற்றையும் பற்றிப் பேச ஆட்கள் இங்கேயே குடியிருக்கிறார்கள். வாசலில் ஆயிரம் பேர் வரிசையில் நிற்கிறார்கள். கோடையில் மாலை ஐந்து மணிக்குப் பிறகும் புல்வெளியில் நல்ல வெளிச்சம் இருக்கும். ஓர் ஆய்வாளர் வாரம் இருமுறை வெளியே வந்து, அரை மணி நேரம், புரிகிற இந்தியில், வேவலைப் பற்றியோ பேகாரைப் பற்றியோ மேனனின் நான்கு மணி நேரத்தைப் பற்றியோ பேசினால் என்ன குறைந்துவிடும்? தமிழோ வங்காளமோ பேசும் ஆய்வாளர் இருக்கும் வருடத்தில் அந்த மொழியிலும் பேசலாம். அறிஞர்களுக்கு அமைதி வேண்டும் என்ற வாதம் நியாயமானதுதான். ஆனால் அரை மணி நேரத்தில் கெட்டுப்போகும் ஆய்வு எத்தகைய ஆய்வு? வழிகாட்டிகளைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. கொடுத்த நேரத்தில், பத்து மாநிலத்துக் கூட்டத்தை அடக்கி, குழந்தைகள் படிக்கட்டில் ஏறாமல் பார்த்துக்கொண்டு பேசுகிறார்கள். அவர்களுக்குப் புதிய குறிப்புகளை எழுதித் தர வேண்டியவர்கள் அதே கட்டடத்தில்தான் இருக்கிறார்கள். டெல்லியிலிருந்து உத்தரவு வர வேண்டியதில்லை.

மலையே இப்போது ஒரு பாடம் நடத்திக்கொண்டிருக்கிறது. அன்று கட்டியவர்கள் கூரையில் விழும் மழைநீரைச் சேமிக்கப் புல்வெளிக்கு அடியில் தொட்டி வைத்தார்கள்; அதைப் பெருமையோடு சொல்வார்கள். 2018 கோடையில் சிம்லாவில் குழாய்கள் வற்றி, மக்கள் இரவில் லாரிக்குக் காத்திருந்தார்கள். சுற்றுலாப் பயணிகளே, இந்த வருடம் வராதீர்கள் என்று ஊர்க்காரர்களே வேண்டிக்கொள்ளும் நிலை. 2023 ஆகஸ்ட் 14-ம் தேதி காலை, மாளிகைக்குக் கீழே சம்மர் ஹில் சரிவில் மண் பிளந்து இறங்கி ஒரு சிவன் கோயிலை அடித்துக்கொண்டு போனது. வழிபட வந்த குடும்பங்கள் உள்ளே இருந்தன. இறந்தவர்கள் 20 பேர். 1903-ன் ரயில் பாதை தண்டவாளத்தோடு அந்தரத்தில் தொங்கியது. 331 ஏக்கராக இருந்த மாளிகையின் வளாகம் இன்று 110 ஏக்கர். குன்றின் மற்ற பக்கங்களில் மாடிக்கு மேல் மாடியாகக் கான்கிரீட் ஏறிக்கொண்டிருக்கிறது. எந்த மண்ணில் எவ்வளவு பாரம் ஏற்றலாம், தண்ணீர் எந்த வழியாக இறங்கும் என்பதும் இந்த மாளிகையின் சரித்திரம்தான்.

2023 ஏப்ரலில் மஷோப்ராவிலுள்ள ஜனாதிபதியின் கோடை இல்லமும் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பயணிகளின் பட்டியலில் இப்போது ஒன்றுக்கு இரண்டு மாளிகை. டாக்ஸிக்காரர்கள் இரண்டையும் ஒரே பகலில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள். அப்சர்வேட்டரி குன்றில் வழிகாட்டி பேசி முடித்ததும் கூட்டம் புல்வெளிக்கு இறங்கி, உள்ளே எடுக்க முடியாத படங்களையெல்லாம் வெளியே எடுத்துத் தீர்க்கிறது. வாசலில் அடுத்த கூட்டம் தயாராக நிற்கிறது. வழிகாட்டி ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு 1888-லிருந்து மறுபடி தொடங்குகிறார்.